சாய்ந்த வெயிலில் படித்த ஓரக் குறிப்புகள்

நான் மெல்பர்னுக்குப் போனது என் தங்கை ரீட்டாவின் முழங்காலுக்காக. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவள் நடக்கப் பழகும் மூன்று வாரமும் வீட்டில் ஓர் ஆள் வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தை இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கவனித்துவரும் எனக்கு விடுப்பு நிறையவே சேர்ந்து கிடந்தது. முதல் வாரத்து நாட்குறிப்பு ஒழுங்காக இருக்கிறது. காலை 6.40 காப்பி. 7.15 ரீட்டாவுக்குக் கால் பயிற்சி. 9.00 துணி. இரண்டாவது வாரம் புதன்கிழமையிலிருந்து பக்கங்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன.

ரீட்டாவின் வீடு டண்டினொங்கில். அவள் கணவர் அந்தோணி மன்னார்க்காரர். திருச்சியில் படித்த காலத்தில் அவளைச் சந்தித்தவர். இப்போது ஒரு கிடங்கில் சரக்குப் பிரிக்கும் வேலை. கூட வேலை பார்ப்பவர் மார்த்தா என்ற எல் சால்வடோர் பெண். அந்தக் கிடங்கின் சாப்பாட்டு அறையில், குளிர்பதனப் பெட்டியின் கதவில், இவர்கள் இருவரும் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறார்களாம். மன்னார்த் தமிழிலும் மார்த்தாவின் ஸ்பானிய மொழியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் சொற்களின் பட்டியல் அது. மேசை, செருப்புக்குச் சப்பாத்து, சமையலறைக்குக் குசினி, அலுமாரி.

"அவையின்ர ஊருக்குப் போன ஸ்பெயின் கப்பலும் எங்கட ஊருக்கு வந்த போர்த்துக்கல் கப்பலும் பக்கத்து வீட்டுக் கப்பல்தான் அக்கா" என்றார் அந்தோணி. "ரெண்டு பேரையும் அடிச்சுப்போட்டு மேசையையும் கதிரையையும் விட்டிட்டுப் போயிருக்கிறாங்கள்."

நான் நூலகத்தில் வேலை பார்ப்பவள் என்று அவர் மார்த்தாவிடம் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை மாலை எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்கு அனுப்பு என்று மார்த்தா சொல்லிவிட்டார்.

புதன், மாலை 5.30. ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சமூகக் கூடம். ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மின்சாரத் தோசைக்கல். மக்காச்சோள மாவை உருட்டி, உள்ளே பாலாடைக்கட்டியும் அவரை விதை மசியலும் வைத்து மூடி, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித் தட்டிக் கல்லில் போடுகிறார்கள். பூபூசா என்று பெயர். பார்க்கப் போளி, தின்ன அடை. தொட்டுக்கொள்ளக் காடியில் ஊறிய முட்டைக்கோஸ். இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதை மார்த்தா கேட்காமலே வைத்தார். ஐம்பதைத் தாண்டிய, உயரம் குறைந்த பெண்; பேச்சில் அவசரம், கையில் நிதானம்.

இங்கே படிப்பது வரலாறும் பண்பாடும்தான். லத்தீன் அமெரிக்க மக்களைப் பற்றி யார் எழுதினாலும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கதைப் புத்தகத்துக்கு இடமில்லை. "கதை சொல்ல எங்களுக்கே தெரியும்" என்றார் மார்த்தா. "நடந்ததை மற்றவர்கள் எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் கூடுகிறோம்."

எல்லோருக்கும் ஒரே ஒரு பிரதி. அதை வீடு வீடாகச் சுற்றவிட்டுப் படிக்கிறார்கள். அன்று ஆறாம் அத்தியாயத்தை மார்த்தா சத்தமாகப் படித்தார். அவர் கண் அடிக்கடி வரியை விட்டுப் பக்கத்தின் ஓரத்துக்குப் போய்வந்தது. இடது கண்ணில் புரை விழுந்திருப்பதாக முன்பே சொல்லியிருந்ததால், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் ஊகோ என்ற சிலி நாட்டுப் பெரியவர், "உங்கள் நாட்டை வரைபடத்தில் தேடப் பூதக்கண்ணாடி வேண்டும், அதற்கு இவ்வளவு பெரிய அத்தியாயமா?" என்றார்.

"உங்கள் நாடு நீளம்தான். அகலம் எங்கே?" என்று மார்த்தா தலை நிமிராமலே கேட்டார். கூடமே சிரித்தது. ஊகோ என் பக்கம் திரும்பி, "மிஸஸ் லைப்ரரி, நீங்களே சொல்லுங்கள். இப்படித்தான் ஒரு பெரிய மனிதரிடம் பேசுவதா?" என்றார். எங்கள் நூலகத்தில் பேசுவதற்கே அனுமதி இல்லை என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

வியாழன், பிற்பகல் 3.30. வேலை முடிந்து வந்த அந்தோணி அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். "மார்த்தா தந்து விட்டவா அக்கா. வெள்ளிக்கிழமை திருப்பிக் குடுக்க வேணுமாம்." சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

கனமான புத்தகம். மத்திய அமெரிக்காவின் வரலாறும், அங்கிருந்து சிதறிப்போன மக்களின் கதையும். திறந்ததும் முதல் பக்கத்தில் ஒரு நகர நூலகத்தின் முத்திரை. அடுத்த பக்கத்திலிருந்து ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல்.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பாதிப் புத்தகத்தில் கோடு போட்டு, ஓரத்தில் விடை எழுதி வைப்பார்கள். திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் உட்கார்ந்து அழிப்பது என் வேலை. எந்தெந்தப் பக்கம் என்று சேதப் பதிவேட்டில் எழுதிவிட்டு, பக்கம் கசங்காமல் ஒரே திசையில் ரப்பரைத் தேய்க்க வேண்டும். கைப்பையில் ஒரு வெள்ளை ரப்பர் எப்போதும் இருக்கும். நூலகப் புத்தகம், பென்சில் எழுத்து, மார்த்தா எனக்குப் போட்ட மூன்று பூபூசா. நல்ல காரியம் செய்வதாகவே நினைத்தேன். நான்கு மணிக்குத் தொடங்கி ஆறு இருபதுக்கு, 231ஆம் பக்கத்தில், ரீட்டா சாப்பிடக் கூப்பிட்டதால் நிறுத்தினேன். அழித்த பக்கங்கள் நாற்பத்தொன்று. பக்க எண்கள் என் நாட்குறிப்பில் வரிசையாக இருக்கின்றன.

சாப்பாட்டின் நடுவே அந்தோணி, "அக்கா, சொல்ல மறந்துபோனன். ஓரத்தில எழுதியிருக்கிறதையும் வாசிக்கச் சொன்னவா. நீங்களும் ஒரு வரி எழுத வேணுமாம். அதுதானாம் அவையின்ர வழக்கம்" என்றார்.



"ஓரத்துல எழுதியிருந்ததை அழிச்சுட்டேன்" என்றேன்.

"அழிச்சுப்போட்டியளோ? ஐயோ அக்கா, என்ன வேலை பாத்தியள்!"

ரீட்டா ஊன்றுகோலை எடுத்துத் தரையில் தட்டினாள். "ஊர்ல இருக்கற புஸ்தகமெல்லாம் பத்தலேன்னு இங்க வந்தும் ஆரம்பிச்சுட்டியா?"

புத்தகத்தை எடுத்துக் கடைசி அட்டையின் உட்புறம் பார்த்தேன். அங்கே இன்னொரு முத்திரை, வெளிறிய சிவப்பில். கழிவு செய்யப்பட்டது. நூலகம் வேண்டாமென்று விற்ற பிரதி. ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் முன்னட்டை, பின்னட்டை இரண்டையும் பார் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

இரவு உணவு முடியும் முன்பே அந்தோணி என்னை மார்த்தா வீட்டுக்குக் காரில் கூட்டிப்போனார். வாசலில் நின்றபடியே, நடந்ததை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எந்தப் பக்கம் வரை?" என்று மார்த்தா கேட்டார்.

"இருநூற்று முப்பத்தொன்று."

அவர் நேரே 218ஆம் பக்கத்தைத் திறந்தார். நாலு ஓரமும் வெறுமையாக இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிறகு சொன்னார். ஓரத்தில் பெரும்பாலும் எழுதியவர் அவர் அண்ணன் ரஃபேல். அந்தக் கூட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. மற்றவர்கள் வாரம் ஓர் அத்தியாயம் போக, அவர் புத்தகம் முழுவதையும் படித்து, எழுதி, முன்னால் போய்விட்டார். பிறகு பக்கவாதம் வந்தது. வலது கை போனது, பேச்சும் போனது. மகள் அவரைச் சிட்னியில் ஃபேர்ஃபீல்டுக்கு அழைத்துப்போய்விட்டாள். முன்கூட்டிப் படிக்கக் கூடாது என்பது கூட்டத்தின் விதி என்பதால் மார்த்தா ஆறாம் அத்தியாயத்துக்கு மேல் பார்த்ததில்லை. 218இல் நாலு ஓரமும் நிரம்பியிருந்தது என்பது மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மீதியைப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை ரயில்.

"அவருக்கு இப்போது ஆறு ஏழு வார்த்தைதான் வருகிறது" என்றார் மார்த்தா. "மற்ற வார்த்தையெல்லாம் இந்த ஓரத்தில் இருந்தது."

அந்தோணியின் கைபேசி விளக்கைக் கேட்டு வாங்கினேன். எங்கள் ஊரில் திருட்டுப்போன நூலகப் புத்தகங்கள் பழைய புத்தகக் கடைக்கு வரும்போது பதிவெண்ணை அழித்திருப்பார்கள். மை போகும், தாளில் பதிந்த பள்ளம் போகாது. விளக்கைத் தாளுக்குப் படுக்கை வசமாகப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழும். விளக்கணைத்த அறையில், நான் அழித்த முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் ஓர் எழுத்து எழுந்தது. எம். பிறகு ஒரு ஏ.

எனக்கு அந்த மொழி தெரியாது. மார்த்தாவின் கண்ணுக்கு அந்த நிழல் தெரியவில்லை. நான் எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவர் ஒரு நோட்டில் சேர்த்து எழுதினார். ஒரு வரிக்கு இருபத்தைந்து நிமிடம். விளக்கைப் பிடித்திருந்த அந்தோணிக்குக் கை ஓய்ந்து நிழல் ஆடியது. காலை நாலரைக்கு அவருக்கும் மார்த்தாவுக்கும் வேலை.

சிட்னியில், கெல்லிவில்லில் இருக்கும் என் பெரியப்பா மகளைப் பார்க்க எப்படியும் ஒரு நாள் போவதாக இருந்தேன். சனிக்கிழமை நானும் உங்கள் ரயிலில் வருகிறேன் என்றேன். வீட்டில் ரீட்டா, "போக்கா. நீ இங்க முழிச்சுட்டு உக்காந்திருக்கறதப் பாத்தா என் முட்டி இன்னும் வலிக்குது" என்றாள்.

சனி, காலை 8.30. எங்கள் இருக்கை இடப்பக்கம். காலை வெயில் வலப்பக்கம் விழுந்தது. எதிர்வரிசையில் பின்னல் வேலை செய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார மூதாட்டியிடம் இடம் மாறிக்கொள்ளலாமா, எங்களுக்கு வெயில் வேண்டும் என்று கேட்டேன்.

"எடுத்துக்கொள் கண்ணே, நிறையவே வைத்திருக்கிறேன்" என்று எழுந்துகொண்டார்.

எங்கள் ஊரில் உச்சி வெயில் உச்சந்தலையில்தான் விழும். அதில் பள்ளம் எதுவும் தெரியாது. இங்கே மே மாதத்தில் பதினோரு மணிக்கும் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கிறது. விளக்கை விட அது நல்ல விளக்கு. புத்தகத்தைக் கண்ணாடியோடு சேர்த்துச் சாய்த்துப் பிடித்து, ஒரு மணி நேரத்தில் நாலு பக்கம் படித்தோம். 218ஐ ஏன் முதலில் எடுக்கவில்லை என்று கேட்டேன். "வரிசையாகத்தான்" என்றார் மார்த்தா. "விதி."

ரஃபேல் ஒரு காலத்தில் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். எழுதியவற்றில் பாதி, நூலாசிரியரோடு சண்டை. காப்பித் தோட்டங்களில் கூலியாகப் பணம் கொடுக்காமல் தகர வில்லை கொடுத்தார்கள், அது தோட்டத்துக் கடையில் மட்டுமே செல்லும் என்று அச்சில் இருந்தது. ஓரத்தில்: "அப்பாவிடம் ஒன்று இருந்தது. நடுவில் ஓட்டை. நான் அதைப் பம்பரமாகச் சுற்றினேன், அடி வாங்கினேன்." ஒரு புகைப்படத்தின் கீழே திருவிழா ஊர்வலம் என்று அச்சிட்டிருந்தார்கள். ஓரத்தில்: "திருவிழா இல்லை. ரொட்டிக்காரர் இறந்துபோன நாள். மூன்றாவதாக நிற்பவர் அவர் மனைவி."

மெல்லிய கையில் எழுதியிருந்தவை அடியோடு போய்விட்டன. கோபத்தில் எழுதியவை நன்றாகவே எழுந்து வந்தன. இருபது பக்கத்தில் பதினான்கு கிடைத்தன, ஆறு கிடைக்கவில்லை. கிடைக்காத ஒவ்வொன்றின் போதும் மார்த்தா நோட்டில் பக்க எண்ணை எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டார். அந்த வட்டங்களை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

பன்னிரண்டு மணிக்கு ஆல்பரி. முன்னால் தண்டவாள வேலை, எல்லோரும் இறங்குங்கள், பேருந்து வரும் என்றார்கள். பேருந்து வர இரண்டு மணி நேரம். நடைமேடையில் மார்த்தா வாழையிலைப் பொட்டலங்களை எடுத்தார். மக்காச்சோள மாவில் கோழிக்கறி வைத்து இலையில் மடித்து அவித்தது. இலை அடை போலவே மடிப்பு. இலை எங்கே வாங்கினீர்கள் என்றால், டண்டினொங்கில் அந்தோணி கருவாடு வாங்கும் அதே கடை.

பேருந்தில் கண்ணாடிக்குக் கருநீலத் தாள் ஒட்டியிருந்தது. வெயில் உள்ளே வந்தது, சூடாக. ஆனால் நிழல் விழவில்லை. கைபேசி விளக்கை வைத்துப் பார்த்தேன். வண்டி ஆடிய ஆட்டத்தில் எல்லாக் கோடும் பள்ளமாகத் தெரிந்தது. மூன்று இருக்கைக்கு முன்னால் ஒருவர் தொலைபேசியில் யாரிடமோ, "இல்லை அம்மா, ரயில் இப்போது பேருந்து ஆகிவிட்டது" என்று நாலாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மார்த்தா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"இருட்டிவிட்டால்?" என்று கேட்டார். அன்று முழுவதும் அவர் கேட்ட ஒரே கேள்வி.

மூன்றேகாலுக்கு ஹோல்புரூக் என்ற ஊரில் வண்டி நின்றது. இருபது நிமிடம் என்றார் ஓட்டுநர். கடலிலிருந்து வெகு தூரத்தில், புல்வெளியில், ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. கறுத்த முதுகு, நிஜ அளவு. வேறொரு நாளாக இருந்தால் அது ஏன் அங்கே என்று விசாரித்து அரைப் பக்கம் எழுதியிருப்பேன். அன்று அதன் பக்கத்தில் இருந்த பலகை இருக்கையில் மேற்கே சாய்ந்த வெயில் விழுகிறது என்பதை மட்டும் பார்த்தேன். மார்த்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"வரிசை" என்றார் மார்த்தா.

"விதியை இன்று நான் அழிக்கிறேன்" என்றேன். "நூலகமே என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்."

218.

அச்சில் அந்தப் பக்கத்தின் நடுவே ஒரு வாக்கியம். சிலர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றனர். இவ்வளவு பெரிய புத்தகத்தில் இவர்களைப் பற்றி அது ஒன்றுதான். ரஃபேல் அதன் கீழ் மூன்று கோடு போட்டு, மேல் ஓரத்தில் தொடங்கி, இடப்பக்கம் இறங்கி, கீழே போய், வலப்பக்கம் ஏறி எழுதியிருந்தார். தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி. நான் எழுத்தைச் சொல்லச் சொல்ல மார்த்தாவின் பென்சில் ஓடியது. புத்தகத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டியிருந்தது. காற்று பக்கத்தைப் புரட்டியது.

"புதையல் வரைபடமா?" பின்னால் ஓட்டுநர் நின்றார், கையில் பாதி தின்ற, இறைச்சி அடைத்த பலகாரம். "வண்டியில் முப்பத்தெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள்."

மார்த்தா நிமிரவில்லை. "என் அண்ணன்" என்று மட்டும் சொன்னார்.

ஓட்டுநர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மிச்சத்தை வாயில் போட்டு, கையைச் சட்டையில் துடைத்து, கட்டை விரலால் பக்கத்தின் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "ஐந்து நிமிடம்" என்றார். பதினொன்று ஆனது. என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன்.

சிட்னி போய்ச் சேர்ந்த நேரத்தை எழுதுவதற்கில்லை.

ஞாயிறு, காலை 10.20, ஃபேர்ஃபீல்டு. கீழே ரொட்டிக்கடை, மேலே அடுக்குமாடி. கெல்லிவில்லில் இருந்து என் அக்காள் காரில் கொண்டுவந்து விட்டாள். ரஃபேல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பொத்தான். மகள் லூசியா காப்பி கொண்டுவந்தாள். நான் செய்ததை மார்த்தா முதலில் சொல்லவே இல்லை. நானே சொன்னேன். லூசியா அதை ஸ்பானிய மொழியில் அவருக்குச் சொன்னாள். ரஃபேல் என்னைப் பார்த்தார். இடது கையால் காற்றில் ரப்பர் தேய்ப்பது போலச் செய்து, புருவத்தை உயர்த்தினார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு பள்ளி ஆசிரியரின் முன்னால் நிற்பது எப்படியென்று முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு நினைவு வந்தது.

மார்த்தா நோட்டைத் திறந்து படித்தார். லூசியா எனக்கு மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"'சிலர்.' அந்தச் சிலர் நாங்கள் ஏழு பேர்."

"நோ" என்றார் ரஃபேல்.

மார்த்தா நின்றார். அந்த எண் தெளிவாக இல்லை, ஊகித்து எழுதியிருந்தோம். ரஃபேல் இடது கை ஐந்து விரலையும் காட்டினார். மூடினார். ஒரு விரல் காட்டினார். ஆறு. மார்த்தா திருத்தினார்.

"விமான நிலையத்திலிருந்து பேருந்தில் போனோம். வழியெல்லாம் மரங்கள் பட்டை உரிந்து நின்றன. இந்த மரங்களுக்கு என்ன நோய், ஏன் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை என்று என் தங்கை ஓட்டுநரிடம் நம் மொழியிலேயே கேட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. வாயை மூடு என்றேன். அவளுக்கு வயது பத்தொன்பது. அந்த வண்டியில் இந்த நாட்டைப் பற்றிக் கேள்வி கேட்டது அவள் ஒருத்திதான். அதன் பிறகு ரொம்ப நாள் அவள் எதுவும் கேட்கவில்லை. அது என்னால். மார்த்தா, நீ இந்தப் பக்கத்துக்கு வரும்போது என்னை..."

அதற்கு மேல் எழுத்து தையல் மடிப்புக்குள் போய்விட்டது. அந்த இடத்தில் நான் ரப்பரை இரண்டு முறை தேய்த்திருக்க வேண்டும்.

மார்த்தா நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "மன்னித்துவிடு?" என்று கேட்டார்.

"நோ."

"மறந்துவிடு?"

"நோ." இந்த முறை எரிச்சலோடு. முட்டாள் மாணவியிடம் சொல்வது போல.

மார்த்தா நிமிர்ந்தார். "திட்டு?"

"சீ!" என்றார் ரஃபேல். ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல். மேசையைத் தட்டினார். "சீ, சீ."

மார்த்தா திட்டினார். எழுந்து நின்று, இடுப்பில் ஒரு கை வைத்து, இன்னொரு கையை ஆட்டித் திட்டினார். லூசியா மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் புரிந்த ஒரே சொல் சப்பாத்து. பேருந்தில் அவர் போட்டிருந்த செருப்பையும் அண்ணன் அன்றைக்குக் குறை சொன்னாராம். ரஃபேலின் வாயின் ஒரு பாதி சிரித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காலர் பொத்தானில் தங்கியது. மூச்சு வாங்க மார்த்தா நிறுத்தியபோது, அவர் "ஓத்ரா" என்றார். இன்னொரு தடவை.

மார்த்தா ஓய்ந்து உட்கார்ந்த பிறகு, நோட்டைப் பார்த்து 218இன் நாலு ஓரத்தையும் தன் கையெழுத்தில் மறுபடி நிரப்பினார். பிறகு புத்தகத்தையும் பென்சிலையும் என் பக்கம் நகர்த்தினார்.

"வழக்கம்" என்றார்.

இருபத்து நான்கு ஆண்டில் நான் ஒரு புத்தகத்தில் ஒரு புள்ளி கூட வைத்ததில்லை. தமிழில் எழுதினால் யாருக்குப் புரியும் என்று கேட்டேன். ரஃபேல் தோளைக் குலுக்கி, இடது கையால் பக்கத்தின் அடியில் விரலை ஊன்றி, எழுது என்பது போல இரண்டு முறை தட்டினார்.

அங்கே, கீழ் ஓரத்து வரிக்கு அடியில், ஒரு விரற்கடை இடம் மிச்சமிருந்தது. இந்தப் பக்கத்தை அழித்தவள் நான், ஹோல்புரூக்கில் வெயில் இருந்தது என்று எழுதினேன். கிழமையும் நேரமும் போட்டேன். மறுபக்கத்தில் தடவினால் விரலுக்குத் தெரியும் அளவுக்கு அழுத்தி எழுதினேன்.